இரண்டு சதுர அடிச் சொர்க்கம்

காகிதம் சுவரைப் பிடித்துக்கொள்ளும் நொடி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். பசை தடவிய தாளின் மேல் விளிம்பை இரண்டு கை விரல்களாலும் பிடித்து, கூரைக் கோட்டோடு பொருத்தி, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி உள்ளங்கையால் நீவிவிடுகிறேன். 12 அங்குல அகலம், 9 அங்குல உயரம். அந்தச் சுவர் அவ்வளவுதான். கையை எடுத்துப் பார்க்கிறேன். ஒரு நிமிடம் முன்புவரை ப்ளைவுட் பெட்டியாகக் கிடந்தது, கூடமாகிவிட்டது! நாற்காலி போடவில்லை, விளக்கு ஏற்றவில்லை, ஒரு பாய்கூட விரிக்கவில்லை. ஆனாலும் யாரோ இப்போதுதான் எழுந்து காபி கலக்க உள்ளே போயிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. வெறும் காகிதம் செய்கிற வேலை இது!

ஒன்றரை வருடமாகப் பொம்மை வீட்டுக்குச் சுவர்க்காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். இதைப் போல மனசை நிறைத்த கைவேலை என் 61 வயதில் வேறு எதுவும் இல்லை. தையல் தெரியும், கூடை பின்னுவேன், மார்கழி முழுக்கத் தெருவடைக்கக் கோலம் போடுவேன். அத்தனையும் எனக்குப் பிடித்தவைதான். ஆனால் ஓர் அறைக்கு எந்தக் காகிதம் என்று தாள்களை மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு உட்காரும் மத்தியானங்களில் எனக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி தனி.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்குப் பள்ளிக்கூட வேலை, ஊர் ஊராக மாறுதல். 34 வருடங்களில் 9 வாடகை வீடுகள் பார்த்துவிட்டேன். இப்போது கடலூரில் இருப்பதும் வாடகை வீடுதான். சாவியைக் கையில் கொடுக்கும்போது ஒவ்வொரு வீட்டுக்காரரும் தவறாமல் சொன்ன வார்த்தை, "சுவத்துல ஆணி மட்டும் அடிச்சுடாதீங்கம்மா." அடித்ததில்லை. எங்கள் கல்யாணப் படம்கூட அலமாரி மேல் சாய்த்து வைத்துத்தான் இருந்தது. சுவருக்கு என்ன நிறம் என்று ஒரு வீட்டிலும் யாரும் என்னைக் கேட்டதில்லை. அப்படிப்பட்ட எனக்கு இன்று நான்கு அறை, ஒரு மச்சு, எல்லாச் சுவரும் என் இஷ்டம்!

எல்லாம் ஒரு கேள்வியில் தொடங்கியது. என் அம்மா எனக்குக் கல்யாணச் சீரோடு கொடுத்த மரப்பாச்சி ஜோடி என்னிடம் இருக்கிறது. செம்மரத்தில் கடைந்தது, ஆளுக்கு 6 அங்குல உயரம். வருடத்தில் ஒன்பது நாள் கொலுவின் மேல்படியில் பட்டுத்துணி கட்டிக்கொண்டு நிற்பார்கள். மற்ற நாளெல்லாம் பழைய வேட்டியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் இருப்பார்கள். போன வருடத்துக்கு முந்தைய கொலு முடிந்து நான் அவர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, என் பேத்தி பக்கத்தில் வந்து நின்று கேட்டாள்: "பாட்டி, இவங்க வீடு எங்க இருக்கு?"

பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாளே எங்கள் தெருத் தச்சரைப் போய்ப் பார்த்தேன்.

அடிக்கு ஒரு அங்குலம். பொம்மை வீட்டுக் கணக்கு முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. நிஜ வீட்டில் 1 அடி இருப்பது இங்கே 1 அங்குலம். பன்னிரண்டில் ஒரு பங்கு. உலகம் முழுக்கப் பொம்மை வீடு செய்பவர்கள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டிருக்கும் அளவு இதுதான். மீட்டருக்குப் பழகிய நாடுகளில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கலாம். நம் தச்சருக்கு அடியும் அங்குலமும்தான் தாய்மொழி. நான் பாதி சொல்வதற்குள், "பத்துக்குப் பன்னெண்டு ரூம், ஒம்போதடி ஒசரம். அப்ப பத்து இன்ச்சு, பன்னெண்டு இன்ச்சு, ஒம்போது இன்ச்சு. அவ்ளோதானே டீச்சர்?" என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டுவிட்டார். 6 அங்குல மரப்பாச்சிகள் இந்தக் கணக்கில் 6 அடி ஆட்கள். நிமிர்ந்து நடமாடலாம்!

கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, அதற்கும் மேலே சாய்கூரை போட்ட மச்சு. 6 மில்லிமீட்டர் ப்ளைவுட். முன்பக்கம் சுவர் இல்லை; மேடை மாதிரித் திறந்திருக்கும். ஆக ஓர் அறைக்குப் பின்சுவர் ஒன்று, பக்கச் சுவர் இரண்டு. கூட்டிப் பாருங்கள்: 108, 90, 90. மொத்தம் 288 சதுர அங்குலம், அதாவது சரியாக 2 சதுர அடி. இதே அறை நிஜத்தில் இருந்தால் மூன்று சுவருக்கும் 288 சதுர அடிக் காகிதம் வேண்டும். நீளத்தைப் பன்னிரண்டில் ஒன்றாக்கினால் பரப்பு 144இல் ஒன்றாகிவிடுகிறது. என் மாணவர்களுக்கு வருடா வருடம் கரும்பலகையில் போட்டுக் காட்டிய கணக்குதான். ஆனால் அதன் இனிப்பு எனக்கே இப்போதுதான் தெரிந்தது. உலகத்திலேயே அழகான காகிதம் எது? அதில் ஒரே ஒரு தாள் வாங்கினால் போதும், ஓர் அறை முழுக்க அதுவே! நிஜ வீட்டில் அரண்மனைக்காரர்கள் மட்டுமே நினைத்துப் பார்க்கக்கூடியதை, ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுச் செலவில் என் மரப்பாச்சிகளுக்கு நான் செய்து தர முடியும்.

அரண்மனை என்றதும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில், ராணி மேரிக்காகச் செய்த பொம்மை வீடு ஒன்று இருக்கிறது. அதுவும் அடிக்கு ஒரு அங்குலம்தான். வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். புதுதில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையை வரைந்த அதே கை! 1924இல் வெம்பிளி கண்காட்சியில் மக்கள் அதைப் பார்த்தார்கள். குழாயில் தண்ணீர் வரும், மின்விளக்கு எரியும், மின்தூக்கி ஏறி இறங்கும். நூலகத்தில் கானன் டாயில் உட்பட அந்தக் கால எழுத்தாளர்கள் எழுதித் தந்த குட்டிப் புத்தகங்கள் இருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருப்பது இதைவிட 200 வருடங்களுக்கு மேல் மூத்தது; பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற சீமாட்டி செய்வித்தது. அதற்குச் செலவழித்த பணத்தில் கால்வாய்க் கரையில் நிஜ வீடே வாங்கியிருக்கலாம் என்பார்கள். அந்த அம்மாள் ஏன் அப்படிச் செய்தாள் என்று இப்போது என்னைக் கேளுங்கள், நான் சொல்கிறேன்!

காகிதம் தேடிப் போன கதைக்கு வருகிறேன். கடையில் விற்கிற நிஜச் சுவர்க்காகிதம் இதற்கு உதவாது. அதன் பூ உள்ளங்கை அகலம் இருக்கும். 1 அங்குலப் பூ ஒன்று மரப்பாச்சி வீட்டில் ஓரடிப் பூ. அறைக்குள் நுழைந்தவரை விழுங்கிவிடும். வேண்டியது சின்னஞ்சிறு பூ. 4 மில்லிமீட்டர் பூ என்றால் அங்கே கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர்; ஒரு நந்தியாவட்டை அளவு. நான் பிடித்துக்கொண்ட விதி இது: சுண்டுவிரல் நகத்துக்குள் பூ அடங்க வேண்டும். கைவினைக் கடையில் நின்று ஒவ்வொரு தாளின் மேலும் சுண்டுவிரலை வைத்து வைத்துப் பார்ப்பேன். அப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகு எனக்குக் காகிதக் கடை வேறு கடையாகிவிட்டது. பரிசுப்பொருள் சுற்றும் தாள், புத்தக அட்டைக்கு ஒட்டும் தாள், வாழ்த்து அட்டை செய்யும் 12 அங்குலச் சதுரத் தாள் எல்லாமே யாரோ ஒருவருடைய சுவராகத் தெரிகின்றன.

முதல் தாள் புதுச்சேரியில் கிடைத்தது. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959 முதல் நடக்கிறது. மரக்கூழ் அல்ல, பருத்தித் துணியின் கந்தல்தான் மூலப்பொருள். துணியை நார்நாராக அரைத்து, நீரில் கலக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, பிழிந்து உலர்த்தினால் தாள். அதில் சாய அலை எழுப்பிய தாள்களும் செய்கிறார்கள். கெட்டியாக்கிய நீரின் மேல் சாயத்தைத் துளித்துளியாக மிதக்கவிட்டு, சீப்புப் பல்லால் இழுத்து, அதன் மேல் ஒரு தாளை மெல்லக் கிடத்தி எடுக்கிறார்கள். நீர் மேல் இருந்த அலை தாளுக்கு வந்துவிடுகிறது. ஒரு தாளைப் போல மறு தாள் வரவே வராது. துருக்கிக்காரர்கள் இதை எப்ரு என்கிறார்கள். நம் தக்காணத்தில், பீஜப்பூரில் 17ஆம் நூற்றாண்டிலேயே இந்த அலைச்சாயத்தில் ஓவியங்கள் செய்திருக்கிறார்கள். நான் எடுத்தது சாம்பல் கலந்த நீலம், நடுவே நூலிழைத் தங்கம். கடலூர்க் கடற்கரையில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும். இது கூடத்துக்கு என்று அங்கேயே நின்று முடிவு செய்துவிட்டேன்.

இரண்டாவது ஜப்பானிலிருந்து வந்தது. சென்னையில் இருக்கும் மகள் என் பிறந்தநாளுக்கு வரவழைத்துக் கொடுத்தாள். சியோகாமி என்று பெயர். முசுக்கட்டை இனத்துச் செடியான கோசோவின் பட்டை நாரில் செய்த தாளின் மேல், நிறத்துக்கு ஒரு சட்டம் வைத்துக் கையால் அச்சிடுவார்கள். கிமோனோ உடையின் பூவேலைகள்தான் பெரும்பாலும் அதில் இருக்கும். பூக்கள் அத்தனை சிறியவை! பொம்மை வீட்டுக்காகவே யாரோ செய்து வைத்த மாதிரி இருக்கிறது. அந்த நார் நீளமானது. பசையில் நனைந்தாலும் கிழியாது, துணி மாதிரி வளைந்துகொடுக்கும். ஜப்பானியக் கைக்காகிதக் கலையும் துருக்கியின் எப்ருவும் ஒரே வருடத்தில், 2014இல், யுனெஸ்கோவின் மரபுக் கலைப் பட்டியலில் ஏறின. என் வீட்டிலும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தளத்தில் இருக்கின்றன: கீழே அலை, மேலே பிளம் பூ.

மூன்றாவது ஜெய்ப்பூருக்குப் பக்கத்திலுள்ள சாங்கானேர்த் தாள். அங்கே காக்ஸி என்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காகிதம் செய்கின்றன. அவர்கள் பெயரே காகிதத்திலிருந்து வந்ததுதான். பழுப்பு வெள்ளைத் தாளில் மர அச்சால் குத்திய குட்டிக் குட்டித் தங்கப் புட்டாக்கள். அது சாப்பாட்டறைக்கு. நான்காவதைப் பேத்தி தேர்ந்தெடுத்தாள்: பிறந்தநாள் பரிசு சுற்றும் தாள், கருநீலத்தில் வெள்ளி நட்சத்திரம். மச்சுக்கு. கூரை சாய்ந்து இறங்கும் அந்த இடத்தில் நட்சத்திரத்தைத் தவிர வேறெதுவும் பொருந்தாது என்று அவள் சொன்னாள். ஒட்டிய பிறகு பார்த்தால் அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி!

தாள் கையில் வந்ததும் ஒட்ட ஆசை பறக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு நான் ஒட்டிய முதல் சுவர், மச்சின் சாய்கூரை, மறுநாள் காலையில் அம்மை வார்த்த மாதிரி கொப்புளமும் சுருக்கமுமாக இருந்தது. அழுகை வந்துவிட்டது. அந்தத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூட நாளிலிருந்தே பழக்கமான புக் பைண்டிங் கடைப் பெரியவரிடம் போனேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"டீச்சர், பேப்பருக்கும் ஒரு போக்கு இருக்கும்மா. மரத்துக்கு ரேகை ஓடுதில்ல, அது மாதிரி. ஈரம் பட்டா குறுக்கால விரியும், நீளவாக்குல விரியாது. போக்குப் பாத்து வெட்டணும், ஊறவிட்டு ஒட்டணும். அப்ப அது சொன்னபடி கேக்கும்."

ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு கிழித்து, ஒரு பக்கம் நாக்கு ஈரம் தடவி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அது மெல்லச் சுருண்டு குழாயானது. குழாய் எந்தத் திசையில் நீண்டிருக்கிறதோ அதுதான் நார் ஓடும் திசை. எவ்வளவு அழகான சோதனை! இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் ஒரே பக்கம் படுத்திருக்கும். அதனால்தான் இந்தப் போக்கு. கையால் அள்ளிய தாளில் நார்கள் நாலாபக்கமும் பின்னிக் கிடப்பதால் அது ஓரளவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விரியும். புதுச்சேரித் தாள் ஏன் அப்படிச் சொன்ன பேச்சு கேட்டது என்று பிற்பாடு எனக்கு விளங்கியது.

அவர் சொன்னதும், நானாகக் கற்றுக்கொண்டதும் சேர்த்து என் வழிமுறை இதுதான்.

முதலில் மரத்தை மூட வேண்டும். ப்ளைவுட்டை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு கை வெள்ளை ப்ரைமர் அடித்துக் காயவிடுகிறேன். இதைச் செய்யாவிட்டால் மரத்தின் சாறு ஈரத்தோடு ஏறி, காகிதத்தில் தேநீர்க் கறை மாதிரி பழுப்புத் தட்டும். விளக்கு வைக்கும் எண்ணம் இருந்தால் கம்பியை இப்போதே சுவரில் கீறிய பள்ளத்தில் படுக்கவைத்துவிட வேண்டும். காகிதம் வந்த பிறகு சுவரைக் கீறக் கை வராது.

அடுத்தது மாதிரி வெட்டுதல். பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட் இருக்கிறதே, அதைவிட நல்ல பொருள் இதற்குக் கிடையாது. ஒவ்வொரு சுவருக்கும் அதில் ஒரு மாதிரி வெட்டி, சுவரில் வைத்துப் பார்த்து, கதவு ஜன்னல் இடங்களைக் குறித்துக்கொள்கிறேன். பின்சுவர்த் தாளை இரண்டு பக்கமும் கால் அங்குலம் கூட வெட்ட வேண்டும். அந்தக் கால் அங்குலம் மூலை திரும்பிப் பக்கச் சுவரில் ஏறி உட்காரும். பிறகு பக்கச் சுவர்த் தாளை அதன் மேல் மூலைவரை இழுத்து ஒட்டினால், மரம் கொஞ்சம் சுருங்கி விரிந்தாலும் மூலையில் வெள்ளைக்கோடு தெரியாது. இந்தச் சின்ன மடிப்பின் புத்திசாலித்தனத்தை நினைத்து நினைத்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

பசை. நம் ஊரில் போஸ்டர் ஒட்டுவதற்கும் பைண்டிங்குக்கும் மைதா காய்ச்சிய பசைதான் ராஜா. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். குழந்தை கை வைத்து விளையாடும் வீடு என்பதால் எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மயில்துத்தம் இல்லாத மைதாவோ இராமபாணப் பூச்சிக்கு விருந்து. சுவர்க்காகிதம் விற்கும் கடைகளில் மெத்தில் செல்லுலோஸ் பசைத்தூள் கிடைக்கிறது. தண்ணீரில் கரைத்து ஒரு ராத்திரி வைத்தால் நுங்குச் சாறு மாதிரித் தெளிந்து நிற்கும். காகிதத்தின் முகத்தில் ஒரு சொட்டுப் பட்டாலும் ஈரத்துணியால் ஒற்றியெடுத்துவிடலாம். காய்வதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும். அதுவே வரம், கோணலாக வைத்தால் நகர்த்திக்கொள்ளலாம்.

தாளின் முதுகில் பசை தடவி, மூன்று நிமிடம் சும்மா விடுகிறேன். இதுதான் பெரியவர் சொன்ன ஊறல். தாள் எவ்வளவு விரிய வேண்டுமோ அவ்வளவும் மேசையிலேயே விரிந்துவிடும். பிறகு சுவரில் ஒட்டினால் காயும்போது இறுகிப் பறைத்தோல் மாதிரி விறைத்து நிற்கும். கொப்புளத்துக்கு வழியே இல்லை. முதலில் கூரை, பிறகு பின்சுவர், பிறகு பக்கச் சுவர்கள், கடைசியில் தரை. நீவிவிடப் பெரியவர் எனக்கு ஒரு மூங்கில் பட்டை கொடுத்தார். அவர் கையில் எத்தனை வருடம் இருந்ததோ, கண்ணாடி மாதிரி வழவழப்பு. ஜன்னல் இருக்கும் இடத்திலும் தாளை முழுசாகவே ஒட்டிவிட்டு, ஈரம் பாதி இறங்கியதும் ஜன்னல் ஓட்டையின் மேல் பெருக்கல் குறி போட்டுக் கீறி, நான்கு முக்கோணங்களையும் உள்பக்கம் மடித்துவிடுகிறேன். இலையில் கொழுக்கட்டை மடிக்கிற சுகம் அதில் இருக்கிறது! ஓர் அறைக்கு ஒரு புதுப் பிளேடு. மழுங்கிய பிளேடு ஈரத் தாளைக் கிழித்துவிடும்.

சாப்பாட்டறையில் சுவரின் கீழ் மூன்றில் ஒரு பங்கை வெறும் பழுப்பாக விட்டு, மேலே தங்கப் புட்டாத் தாள் ஒட்டினேன். இரண்டும் சந்திக்கும் கோட்டில் ஐஸ் குச்சியை நீளவாக்கில் பிளந்து, தேக்கு நிறம் அடித்துப் பதித்தேன். தரையோரம் முழுக்க அதே குச்சி. இந்த இரண்டு கோடுகள் விழுந்ததும் அறையின் உயரம் கூடியது போல ஒரு மாயம்! கூடத்தின் தரைக்கு ஆத்தங்குடிக் கல் வடிவத்தை முக்கால் அங்குலக் கட்டங்களாக அச்செடுத்து ஒட்டி, மேலே வார்னிஷ் பூசினேன். செட்டிநாட்டு வீட்டுத் தரையில் வெறுங்காலோடு நடந்த குளிர்ச்சி, பார்த்தாலே உள்ளங்காலில் ஏறுகிறது.

அடுக்களைக்குத்தான் அதிகம் யோசித்தேன். எந்தப் பூவும் அங்கே ஒட்டவில்லை. கடைசியில் புதுச்சேரியின் வெறும் வெள்ளைக் கைக்காகிதத்தையே ஒட்டினேன். அதன் மேடுபள்ளம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரியே இருக்கிறது. அப்போதுதான் என் பாட்டி வீட்டு அடுக்களை ஞாபகம் வந்தது. அலமாரித் தட்டுகளில் செய்தித்தாள் விரித்து, அதன் முன்விளிம்பைப் பலமடிப்பாக மடித்துக் கத்தரியால் வளைவு வளைவாக வெட்டித் தொங்கவிடுவாள் பாட்டி. பிரித்தால் காகிதத் தோரணம்! டிரங்குப் பெட்டிக்கு உள்பக்கமும் அவள் பூப்போட்ட தாள்தான் ஒட்டியிருப்பாள். கூரை வீட்டு மண்சுவரில் செய்தித்தாள், முடிதிருத்தும் கடையில் சினிமாப் படம் என்று சுவருக்குக் காகிதம் உடுத்தும் ஆசை நம்மிடமும் எப்போதும் இருந்திருக்கிறது. அந்த ஆசைக்கு நான் நன்றிக்கடன் செலுத்தினேன். செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கத்தில்தான் எழுத்து மிகச் சிறியது; அதை எடுத்து, முக்கால் அங்குல அகல அலமாரித் தட்டுகளில் விரித்து, நகவெட்டிக் கத்தரியால் வளைவு வெட்டித் தொங்கவிட்டேன். அதன் மேல் பேத்தியின் செப்புச் சாமான்கள். அன்று ராத்திரி தூங்கவே பிடிக்கவில்லை. இரண்டு முறை எழுந்துபோய் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் பொம்மை வீடுகளுக்குப் பல சமயம் நிஜ வீட்டில் ஒட்டி மிஞ்சிய துண்டுக் காகிதத்தையே ஒட்டியிருக்கிறார்கள். பெரிய வீட்டில் சுவர் மாற்றும்போது பழைய காகிதம் உரிந்து போய்விடும். பொம்மை வீட்டில் அது அப்படியே தங்கிவிடும். பிறகு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியின் காட்ஷால்க், அமெரிக்காவின் பிளிஸ் போன்ற தயாரிப்பாளர்கள் மர வீட்டின் மேல் அச்சடித்த காகிதத்தை ஒட்டியே ஜன்னலையும் செங்கல்லையும் கொண்டுவந்துவிட்டார்கள். எத்தனை குழந்தைகளின் உலகத்தைக் காகிதம் தாங்கியிருக்கிறது! சிகாகோ கலைக்கூடத்தில் திருமதி தோர்ன் செய்வித்த 68 குட்டி அறைகள் இருக்கின்றன. 1932 முதல் 1940 வரை உருவானவை. படங்களில் அந்த அறைகளைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் மேசை நாற்காலியைத் தாண்டி நேரே சுவருக்குத்தான் போகிறது. அந்தச் சுவரைப் பார்த்தாலே அங்கே யார் இருந்தார்கள் என்று தெரிகிறது.

ஆமாம், இதுதான் நான் கண்டுகொண்டது. தாளைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் ஒரு நிறத்தையோ பூவையோ தேர்ந்தெடுக்கவில்லை. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைத் தீர்மானிக்கிறோம். நீல அலைத் தாள் ஒட்டும்வரை என் மரப்பாச்சிகள் கொலுப் பொம்மைகள். ஒட்டி முடித்து அவர்களைக் கூடத்தில் நிறுத்தியபோது, கடலோரத்தில் வளர்ந்து, பெரிய ஆரவாரம் பிடிக்காமல், சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னல் ஓரம் உட்காரும் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள். மேலே சியோகாமி அறையில் அரக்குச் சிவப்பில் வெள்ளைப் பிளம் பூக்கள். கல்யாணப் புடவையை இன்னும் எடுத்து எடுத்துத் தொட்டுப் பார்க்கிறவளின் அறை அது. இதையெல்லாம் நான் யோசித்துச் செய்யவில்லை. காகிதம் சொல்லிக் கொடுத்தது.

செய்து பாருங்கள். வீடு வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு செருப்புப் பெட்டி போதும், நிற்கவைத்தால் ஓர் அறை. சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்கும் பூப்போட்ட தாள் ஒன்று, ஒரு கிண்ணம் பசை, ஒரு புதுப் பிளேடு. மூன்று நிமிடம் ஊறவிடும் பொறுமை. ஒரு மத்தியானம் போதும்!

இந்தக் கோடை விடுமுறையில் பேத்தி வந்தபோது வீடு முடிந்திருந்தது. எங்கள் கல்யாணப் படத்தை ஒன்றரை அங்குலத்துக்குச் சுருக்கி அச்செடுத்து, தீக்குச்சியில் சட்டம் போட்டு வைத்திருந்தேன். கூடத்துப் பின்சுவரில், நீல அலையின் நடுவே அதை மாட்ட வேண்டும். பேத்தி ஒரு கையில் குண்டூசியும் மறு கையில் என் சின்னச் சுத்தியலும் வைத்துக்கொண்டு, சுவரைத் தொடப் பயந்து நின்றாள்.

"எங்க பாட்டி அடிக்கணும்?"

"உனக்கு எங்க பிடிக்குதோ அங்க அடி கண்ணு. நம்ம சுவருதான்."